நிலம் போய்விடுமா? கொங்கு நாட்டுத் தொல்லிடங்களும் சட்டங்களும்

தென்னங்குழி எடுக்கும்போதோ கிணற்றை ஆழப்படுத்தும்போதோ பெரிய பானை ஒன்று தட்டுப்பட்டால், ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் முதலில் எழும் பேச்சு இதுதான்: "யாருக்கும் சொல்லிப்போடாதீங்க, கவர்மெண்ட்டுக்காரங்க வந்தா நெலம் போயிரும்." அப்புறம் பானையை உடைப்பார்கள். உள்ளே தங்கம் இல்லை என்று தெரிந்ததும் ஓடுகள் வரப்போரம் போய்ச் சேரும், குழி மூடப்படும். கொங்கு நாட்டின் தொல்லியல் தடயங்களுக்குச் சிலைத் திருடர்களால் வந்த சேதத்தைவிட இந்தப் பயத்தால் வந்த சேதம் அதிகம் என்பது என் எண்ணம். அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் உண்மையிலேயே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில், இங்கே காப்பதற்கு என்ன இருக்கிறது? பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம்தான் பெருந்துறை வட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள இன்றைய கொடுமணல் என்பது ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட முடிவு. 1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு தொடங்கியது. பிறகு புதுவைப் பல்கலைக்கழகமும் மாநிலத் தொல்லியல் துறையும் தொடர்ந்தன. இரும்பு உருக்கிய உலைகள், கல்மணிகள் செய்த பட்டறைத் தடயங்கள், தமிழ் எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. காங்கயத்தை அடுத்த படியூரில் பெரில் என்னும் மணிக்கல்லை வெட்டி எடுத்தார்கள். கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842இல் ஒரே புதையலாக 522 ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. கரூர் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. புகளூர் ஆறுநாட்டார் மலையில் சேர அரசர் மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லும் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. அரச்சலூர் நாகமலையில் இருக்கும் இசைக் கல்வெட்டைக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னவர் நம்மூர்ப் புலவர் செ. இராசு.

இவற்றையெல்லாம் ஒரே சட்டம் காக்கிறது என்று நினைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். இடத்துக்கு ஒரு சட்டம், பொருளுக்கு வேறு சட்டம், மண்ணுக்குள் இருந்து தற்செயலாக வருவதற்கு இன்னொரு சட்டம், கோயிலுக்குத் தனிச் சட்டம் என்று பிரிந்து கிடக்கிறது.

இடங்களுக்கான முதன்மைச் சட்டம் மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டம். நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையும் தேசிய முக்கியத்துவமும் உள்ள சின்னங்களை இதன்கீழ் அறிவிப்பார்கள். இந்தியத் தொல்லியல் துறை பராமரிக்கும். நாடு முழுக்க இப்படி 3,600க்கும் மேற்பட்ட சின்னங்கள் இருக்கின்றன. நம் பக்கத்தில் நாமக்கல் கோட்டை, அதே மலையில் குடைந்த நரசிம்மர், ரங்கநாதர் குடைவரைகள், சங்ககிரிக் கோட்டை, திருப்பூரை அடுத்த சர்க்கார் பெரியபாளையம் சுக்ரீஸ்வரர் கோயில் ஆகியவை இந்தப் பட்டியலில் வரும். அந்தப் பட்டியலில் சேராத, ஆனால் மாநிலத்துக்கு முக்கியமான இடங்களுக்காகத் தமிழ்நாடு 1966இல் தனியாக ஒரு சட்டம் இயற்றியது. அதைச் செயல்படுத்துவது 1961இல் தொடங்கப்பட்ட மாநிலத் தொல்லியல் துறை.

இரண்டுமே அறிவிக்கப்பட்ட இடத்தைத்தான் காக்கின்றன. அரசிதழில் பெயர் வராத இடம், இந்தச் சட்டங்களின் கண்ணில் வெறும் நிலம். அறிவிப்பதும் ஒரே இரவில் நடப்பதில்லை. ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப் போகிறோம் என்று மத்திய அரசு இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதற்குள் நிலத்துக்காரர் தன் ஆட்சேபணையை எழுதிக் கொடுக்கலாம். அதைப் பரிசீலித்த பிறகே முடிவு. அறிவித்துவிட்டாலும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், நிலம் கையகப்படுத்தும் வழக்கமான வழியில், பணம் கொடுத்துத்தான் எடுக்க முடியும்.

விவசாயிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு விதி இதில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் பரப்புக்குள் வீடு கட்டக் கூடாது, கல் உடைக்கக் கூடாது, வெடி வைக்கக் கூடாது. ஆனால் வெள்ளாமை செய்யலாம். ஒரே நிபந்தனை, மேல்மண்ணிலிருந்து ஓர் அடிக்கு மேல் தோண்டாத வெள்ளாமையாக இருக்க வேண்டும். சோளமோ கம்போ எள்ளோ விதைப்பவருக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. தென்னை வைக்க நினைப்பவருக்குத்தான் இடிக்கும், ஏனென்றால் தென்னங்குழிக்கு மூன்றடி வேண்டும். இந்த ஓர் அடி விதி எனக்கு நியாயமாகவே படுகிறது. மேலே உழவு நடக்கட்டும், கீழே இருக்கிற அடுக்குக் கலையாமல் இருக்கட்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

நகரத்தில் நிலைமை வேறு. சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 1992 ஜூன் 16இல் அறிவிக்கையாக வந்த இந்த ஏற்பாடு, 2010இல் நடந்த திருத்தத்தில் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. முதல் 100 மீட்டரில் புதுக் கட்டடத்துக்கு வழியே இல்லை. அங்கே ஏற்கெனவே இருக்கும் பழைய வீட்டைப் பழுதுபார்க்க மட்டும் அனுமதி கேட்கலாம். அடுத்த 200 மீட்டரில் புதிதாகக் கட்டலாம், ஆனால் முன் அனுமதி வேண்டும். உரிய அதிகாரியிடம் விண்ணப்பம் போகும், அவர் 15 நாளில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும், ஆணையம் இரண்டு மாதத்தில் பரிந்துரை சொல்ல வேண்டும், அதன்பின் ஒரு மாதத்துக்குள் அவர் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே கெடு இருக்கிறது. இப்போது இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம்.

நாமக்கல்லை நினைத்துப் பாருங்கள். ஊரின் நடுவில் ஒரே பாறையாக நிற்கிற மலை, மேலே கோட்டை, அடிவாரத்தைச் சுற்றி வீடும் கடையுமாக நெருக்கம். அங்கே மனை வாங்குகிறவர் வில்லங்கச் சான்றை முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்க்கிறார். அதில் பதிவான பத்திரங்கள்தான் வரும், 100 மீட்டர் கணக்கு வராது. பணம் கொடுத்து, பத்திரம் முடித்து, கட்டட வரைபடத்தோடு அனுமதிக்குப் போகும்போதுதான் தடையில்லாச் சான்று கேட்கிறார்கள். இந்த நிலையில் அவருக்குத் தொல்லியல் என்றாலே வெறுப்பு வருவதில் ஆச்சரியமில்லை. தடை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மலைக்கோட்டைக்கும் ஒற்றைக் கல்வெட்டுக்கும் ஒரே 100 மீட்டர் என்பது முரட்டுக் கணக்கு. ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் சூழலைப் பார்த்துத் தனித்தனியே துணைவிதிகள் வகுக்க வேண்டும் என்று 2010 திருத்தமே சொல்கிறது. அந்த வேலை மிக மெதுவாக நகர்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்திலேயே இந்த எல்லைக்குள் வரும் சர்வே எண்களின் பட்டியல் ஒட்டியிருந்தால் பாதிச் சண்டை வராது.

சரி, பட்டியலில் இல்லாத இடங்கள்? கொங்கு நாட்டின் பெரும் செல்வம் இருப்பது அங்கேதான். காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொறங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலங்கள் உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம், மேய்கிற காங்கயம் மாடு. தலைமுறை தலைமுறையாக ஆழ உழாமல் விட்ட நிலம் என்பதால் இதுபோன்ற காடுகளில் இருக்கும் கல்வட்டங்கள், அதாவது பழங்கால ஈமக்குழிகளைச் சுற்றி வைத்த கற்கள், அப்படியே தப்பிப் பிழைக்க முடிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் முக்கால் பங்கு மண்ணில் புதைந்த உருண்டைக் கற்கள் ஒரு வட்டமாகத் தெரியும்; நடுவில் மண் சற்று மேடாக, சரளைக்கல் கலந்து இருக்கும்; சில இடங்களில் பலகைக்கல்லின் விளிம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெரியவர்கள் பாண்டவர் குழி என்பார்கள், மாண்டவர் குழி என்பாரும் உண்டு. அந்தக் கல்லுக்கு எந்த அரசாணையும் காவல் இருந்ததில்லை. கிளுவை வேலியும் மாடும்தான் இத்தனை காலம் காவல்.

இப்போது அந்தக் காடுகள் மனைப்பிரிவாகவும் காற்றாலை, சூரியமின் தகடு நிறுத்தும் இடமாகவும் மாறுகின்றன. ஜேசிபி ஒரே நாளில் பத்து வட்டத்தைச் சமப்படுத்திவிடும். உருண்டைக் கல் வேலிக்கடியில் குவியும், பலகைக்கல் வாய்க்கால் மேல் பாலமாகவோ துணி துவைக்கிற கல்லாகவோ ஆகும். அறிவிக்கப்படாத இடம் என்பதால் இதைத் தடுக்க 1958 சட்டத்திலும் வழி கிடையாது, 1966 சட்டத்திலும் கிடையாது. மனைப்பிரிவு அனுமதிக்குச் சாலை அகலம், பொது ஒதுக்கீடு என்று எத்தனையோ பார்க்கிறார்கள். உள்ளே ஈமச்சின்னம் இருக்கிறதா என்று கேட்கிற ஒரு வரியை அந்த விண்ணப்பத்தில் சேர்ப்பது கஷ்டமான காரியமே இல்லை. குளத்து வண்டல் மண்ணுக்கும் இதே கதை. தாசில்தார் அனுமதியோடு விவசாயி எடுக்கிற வண்டல் நல்ல விஷயம்தான். ஆனால் குளக்கரை மேட்டில் பழைய ஊர் இருந்த இடமாக இருந்தால், லாரியில் ஏறுவது ஓடும் சாம்பலும் கலந்த வாழ்விட மண். எடுக்கும் முன் மேட்டை ஒருமுறை நடந்து பார்த்தாலே போதும், கறுப்பு சிவப்பு ஓடுகள் கண்ணில் படும்.

அப்படியானால் ஆர்வமுள்ளவர்களே தோண்டிப் பார்த்துக் காப்பாற்றிவிடலாமே என்று ஒரு யோசனை வரும். இளைஞர்கள் பலருக்கு இந்த ஆசை இருக்கிறது, அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தொல்லியல் நோக்கத்தோடு தோண்ட உரிமம் வேண்டும். பல்கலைக்கழகமும் விண்ணப்பிக்க வேண்டும், மாநிலத் தொல்லியல் துறையே ஆனாலும் மத்திய அரசின் முன் ஒப்புதல் இல்லாமல் தோண்ட முடியாது. மத்தியத் தொல்லியல் ஆலோசனை வாரியத்தின் நிலைக்குழு விண்ணப்பங்களைப் பார்க்கும். அனுமதி குறிப்பிட்ட இடத்துக்கு, குறிப்பிட்ட ஆய்வுப் பருவத்துக்கு, பொறுப்பேற்கும் இயக்குநரின் பெயரில் வரும். பருவம் செப்டம்பரோடு முடியும், அடுத்ததற்குப் புதிதாகக் கேட்க வேண்டும். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. அகழாய்வில் ஒரு குழியை ஒருமுறைதான் தோண்ட முடியும். எந்த அடுக்கில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் கொடுமணல் மணியும் கடையில் வாங்கின மணியும் ஒன்றுதான்.

பட்டா நிலத்தில் அகழாய்வு என்றால் நிலத்துக்காரர் சம்மதத்தோடுதான் பொதுவாகக் குழி போடுகிறார்கள். வேலை முடிந்ததும் மூடிக் கொடுப்பது நடைமுறை. அகழாய்வால் விளைச்சலோ வருமானமோ கெட்டால் இழப்பீடு கேட்க 1958 சட்டமே இடம் தருகிறது. கீழடியில் தென்னந்தோப்புக்குள் குழி போட்டார்கள், தோப்பு இன்னமும் தோப்பாகத்தான் இருக்கிறது.

இனிப் பொருளுக்கு வருவோம். தற்செயலாகக் காசுக்குடமோ நகையோ கிடைத்தால் இன்றும் செல்லுபடியாகும் சட்டம் 1878இல் வெள்ளைக்காரர்கள் போட்ட இந்தியப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் வரம்பு அன்றிலிருந்து அப்படியே நிற்கிறது. என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதி என்று எழுதிக் கொடுத்து, பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும் அல்லது அதற்குப் பிணை கொடுக்க வேண்டும். கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, நான்கு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதத்துக்குள் ஒரு நாளைக் குறித்து, உரிமை கோருபவர்களை வரச் சொல்வார். நூறு ஆண்டுக்கு முன் புதைத்தது, சொந்தக்காரர் இல்லை என்று முடிவானால் பங்கு பிரியும். கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்திருந்தால் அதன்படி.

தோட்டத்தில் கூலிக்குக் குழி வெட்டுகிறவர்தான் பெரும்பாலும் கண்டெடுப்பவர். முக்கால் பங்கு சட்டப்படி அவருக்கு உரியது என்பது அவருக்குத் தெரியாது; தெரிந்தவர்கள் சொல்வதும் இல்லை. ஐநூறு ரூபாயைக் கையில் கொடுத்து வாயை அடைத்துவிடுவார்கள். மறைத்தால் கண்டெடுத்தவரின் பங்கு அரசுக்குப் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு.

ஆனால் இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. புதையலை அரசே வைத்துக்கொள்ள விரும்பினால், அந்தப் பொருள் செய்த உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலும் கொடுத்தால் போதும் என்கிறது சட்டம். சேரன் முகம் பொறித்த மாக்கோதை வெள்ளிக்காசு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி விலைக்கு அது சில கிராம்தான். சேகரிப்பாளர் சந்தையில் அதன் விலையே வேறு. நேர்மையாகக் கொண்டு போய்க் கொடுப்பவருக்கு உருக்கு விலை, கள்ளத்தனமாக விற்பவருக்குச் சந்தை விலை என்றால், ஏழைத் தொழிலாளியிடம் எதை எதிர்பார்க்க முடியும்? கரூரில் ஆற்று மணலைச் சலித்துக் காசு எடுத்தவர்கள் அதை வியாபாரிகளிடம் கொடுத்ததைக் குற்றமாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வரலாற்று மதிப்பைக் கணக்கில் எடுத்துப் பரிசு கொடுக்கும்படி இந்தப் பிரிவைத் திருத்தினால், போலீசை விட்டுத் தேடாமலே பல காசுகள் அருங்காட்சியகத்துக்கு வரும்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழம்பொருளுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். நடைமுறைக்கு வந்தது 1976 ஏப்ரல் 5இல். நூறு ஆண்டுப் பழைய சிலை, ஓவியம், காசு, கைவினைப் பொருள் எல்லாம் தொல்பொருள். சுவடிக்கு 75 ஆண்டு போதும். கொங்கில் கூட்டத்துப் பட்டயம் (கூட்டம் என்றால் இங்கே குலப் பிரிவு), காணிச் செப்பேடு, ஏட்டுச் சுவடி வைத்திருக்கிற வீடுகள் நிறைய. 'பதிவு செய்தால் பிடுங்கிக்கொள்வார்கள்' என்று பரணில் ஒளித்து வைத்திருப்பார்கள். சொந்தமாக வைத்திருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. கல், உலோகச் சிற்பங்கள், ஓவியங்கள், படம் வரைந்த சுவடிகள் போன்ற சில வகைகளைப் பதிவு செய்ய வேண்டும். பதிவுச் சான்று உடைமையை உறுதிப்படுத்தும், காணாமல் போனால் படத்தோடு புகார் கொடுக்கவும் உதவும். தொழிலாக வாங்கி விற்க உரிமம் தேவை. நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தனியாருக்கு அனுமதியே கிடையாது. மீறினால் ஆறு மாதத்திலிருந்து மூன்றாண்டு வரை சிறை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாட்டி பூசை செய்த வெண்கலச் சிலையைப் பெட்டியில் வைத்து விமானம் ஏறுகிறவருக்குக் கடத்தும் எண்ணம் இருக்காது, ஆனால் சட்டம் எண்ணத்தைப் பார்ப்பதில்லை. புதுச்சிலை என்றால் தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம்.

எனக்கு அதிகம் வலிப்பது கோயில் விஷயம். இந்து சமய அறநிலையத் துறையின்கீழ் உள்ள பழைய கோயிலில் திருப்பணி என்றால் வல்லுநர் குழுவின் ஒப்புதல் வேண்டும். மணல் வீச்சில் கல்லைச் சுத்தம் செய்வதற்குத் தடையும் இருக்கிறது, ஏனென்றால் அந்த வீச்சில் கல்வெட்டு எழுத்தும் சேர்ந்து போய்விடும். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்கள், சின்னங்கள் பாதுகாப்புக்காக 75 வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. ஆனால் நம் கொங்கு நாட்டில் கூட்டத்துக்கொரு குலதெய்வக் கோயில். பல கோயில்கள் பங்காளிகள் பொறுப்பில், துறைக்கு வெளியே இருக்கின்றன. இப்போது கையில் வசதி வந்திருக்கிறது, பக்தியும் குறையவில்லை. வரி போட்டுப் பணம் திரட்டி, பழைய கல் மண்டபத்தைப் பிரித்துவிட்டு கிரானைட்டும் டைல்ஸுமாகப் புதுக்கோயில் எழுப்புகிறார்கள். அடித்தளமான அதிட்டானத்தில் கல்வெட்டு இருந்த கற்கள் கோயிலுக்குப் பின்னால் மண்ணில் கிடக்கும். புலியோடு போரிட்ட வீரனுக்கு நட்ட புலிக்குத்திக் கல்லுக்குச் சிமெண்ட் பூசி எனாமல் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, சாமிக்கு நல்லது என்று நினைத்துச் செய்கிறார்கள். இங்கே அனுமதி கேட்கச் சட்டம் இல்லை. கேட்க வேண்டியது பங்காளிகள்தான். கூட்டத்தில் திருப்பணித் தீர்மானம் போடும் நாளிலேயே, கல்லைப் பிரிக்கும் முன் எழுத்து இருக்கும் கற்களைப் படம் எடுத்து, எண் போட்டு, அதே வரிசையில் திரும்ப வைப்பது என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். ஸ்தபதியிடம் முன்பே சொன்னால் செய்து தருவார்.

தமிழ்நாடு மரபு ஆணையத்துக்கான சட்டம் 2012இலேயே நிறைவேறியது. நடைமுறைக்குக் கொண்டுவரப் பத்தாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. பட்டியலில் இல்லாத கட்டடங்களையும் இடங்களையும் அந்த ஆணையம் எப்படி அணுகப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் கொறங்காட்டுக் கல்வட்டங்களின் கதி இருக்கும்.

அதுவரை, ஏதாவது தட்டுப்பட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வேலையை அந்த இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். பானையை வெளியே எடுக்காமல், கழுவாமல், பக்கத்தில் ஒரு அளவுகோலையோ கடப்பாரையையோ வைத்துப் படம் எடுங்கள். சர்வே எண், ஆழம், தேதி, கண்டவர் பெயர் எழுதி கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தாரிடமும் கொடுங்கள். காசோ நகையோ என்றால் கலெக்டருக்கே எழுதுங்கள். கோவை, ஈரோடு, கரூர் அரசு அருங்காட்சியகங்களில் காப்பாட்சியர் இருப்பார், அவருக்கும் ஒரு நகல். கொடுத்ததற்கு ஒப்புகை கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்; பின்னால் பங்கோ இழப்பீடோ கேட்கும்போது, குழி வெட்டியவர் பெயரும் தேதியும் உள்ள அந்தத் தாள்தான் சான்று.